எல்லைக்கோடும் தொழிற்சங்கமும்: ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு மாற்றம்

தொழிற்சங்கம் என்பது கூட்டுப் பலத்தின்மீது கட்டப்பெற்ற நிறுவனமாகும். தனியொரு தொழிலாளி முதலாளியின் முன் பலமற்றவன். ஓரிடத்தில் உழைப்போர் அனைவரும் ஒன்றுசேருமிடத்தே அவர்தம் கோரிக்கை வலுப்பெறுகின்றது. இவ்வுண்மை எளிதானது. ஆயின், ஒன்றுசேர வேண்டிய ‘அனைவரும்’ யாவர் என்னும் வினா எளிதானதன்று. நேற்று வந்து சேர்ந்தவனும் அவர்களுள் ஒருவனா? அயல்மொழி பேசுபவனும் ஒருவனா? நாட்டினுள் இருப்பதற்கே சட்டம் அனுமதியளிக்காத ஒருவன் பக்கத்து இயந்திரத்தில் நின்று வேலை செய்வானாயின், அவன் தொழிலாளியா, அன்றேல் சட்டத்தை மீறியவன் மட்டுந்தானா?

இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக விடை தேடி வந்துள்ளன. குடிவரவாளரை விலக்க வேண்டும் என்பதே தொடக்கத்தில் பெரும்பாலானவை அளித்த விடையாகும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அவ்விடை பெரிதும் மாறிவிட்டது. இம்மாற்றத்தை மனிதாபிமான உணர்வின் வளர்ச்சியாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. குடிவரவுச் சட்டம் தொழிலகத்தினுள் நுழையும்போது அது முதலாளியின் கையில் ஒரு கருவியாகிவிடுகின்றது என்பதைச் சங்கங்கள் தம் தோல்விகளின் வாயிலாகக் கற்றுக்கொண்டமையே இம்மாற்றத்தின் அடிப்படையாகும். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலக்கலின் மரபு

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை 1869 இல் நிறைவெய்தியது. அதன் மேற்குப் பகுதியை அமைத்தோருள் மிகப் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளராவர். 1867 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மலைப்பகுதியில் வேலை செய்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் வெள்ளையருக்கு ஒத்த ஊதியமும் குறுகிய வேலை நேரமும் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். கொம்பனி அவர்களுக்கான உணவு விநியோகத்தை நிறுத்தியது. சில நாட்களில் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. சீனர் அடங்கிப்போகும் இயல்பினர், போராட அறியாதவர், ஆதலால் ஊதியத்தைத் தாழ்த்துபவர் என்னும் கூற்று அக்காலத்தில் பெரிதும் வழங்கியது. அக்கூற்று எத்துணைப் பொய்யானது என்பதை 1867 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றே எடுத்துக்காட்டப் போதுமானதாகும்.

எனினும், அக்கூற்றே கொள்கையாக நிலைபெற்றது. சான் பிரான்சிஸ்கோவின் வெள்ளைச் சுருட்டுத் தொழிலாளர் 1870களில், தம் கையாற் செய்யப்பட்டவை எனக் காட்டுவதற்குச் சுருட்டுப் பெட்டிகளில் வெள்ளைச் சீட்டு ஒட்டினர். பிற்காலத்தில் தொழிற்சங்கப் பெருமையின் சின்னமாகக் கருதப்பட்ட ‘சங்கச் சீட்டு’, சீனரின் உழைப்பை விலக்கும் அடையாளமாகவே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1885 இல் வயோமிங் பிரதேசத்தின் றொக் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர் சீனத் தொழிலாளர்மீது பாய்ந்து 28 பேரைக் கொன்றனர்.

1886 இல் நிறுவப்பெற்ற அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனமும் இம்மரபையே பேணியது. அதன் தலைவர் சாமுவேல் கொம்பர்ஸ் இலண்டனிற் பிறந்து, 1863 இல் சிறுவனாக நியூ யோர்க்கை வந்தடைந்தவர். அவர் தாமே ஒரு குடிவரவாளர், சுருட்டுத் தொழிலாளர். அத்தகையவரே சீனர் விலக்கற் சட்டம் 1902 இல் நீடிக்கப்படுவதை ஆதரித்து வாதாடினார்.

இவ்விலக்கலுக்கு அக்காலத்திலேயே மறுப்பும் எழுந்தது. கலிபோர்ணியாவின் ஒக்ஸ்னாட் பகுதியில் சீனிக்கிழங்கு வயல்களில் உழைத்த யப்பானியரும் மெக்சிக்கரும் 1903 இல் ஒரே சங்கமாக இணைந்து வேலைநிறுத்தஞ் செய்து வென்றனர். பின்னர் அவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைய விண்ணப்பித்தபோது, சீனரையும் யப்பானியரையும் உறுப்பினராகச் சேர்த்தலாகாது என்னும் நிபந்தனையைக் கொம்பர்ஸ் விதித்தார். சங்கத்தின் மெக்சிக்கச் செயலாளர் லிசாறாஸ் அந்நிபந்தனையை ஏற்க மறுத்தார். தம்முடன் பசியையும் போராட்டத்தையும் பகிர்ந்தவர்களைக் கைவிட்டுப் பெறும் அங்கீகாரம் தமக்கு வேண்டாம் என்பதே அவர்தம் மறுமொழியின் சாரமாகும். அச்சங்கம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. ஆயினும் நாடு முழுவதும் பரந்திருந்த சம்மேளனம் காணாத உண்மையை வயல்வெளியில் நின்ற ஒரு சிறு சங்கம் கண்டிருந்தது.

நாடுகடத்தல் ஓர் ஆயுதமாதல்

1905 இல் தோன்றிய உலகக் கைத்தொழிலாளர் சங்கம் இன, மொழி, நாட்டு வேறுபாடின்றி எல்லாத் தொழிலாளருக்கும் தன் வாயிலைத் திறந்தது. 1912 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லோறன்ஸ் நகர் நெசவாலைகளில், வேலை நேரக் குறைப்பைச் சாட்டாகக் கொண்டு ஊதியம் வெட்டப்பட்டபோது, பல்வேறு மொழிகள் பேசிய குடிவரவுத் தொழிலாளர் இச்சங்கத்தின் தலைமையில் எழுந்தனர். அவர்களுட் பெண்கள் பெருந்தொகையினர். கூட்டங்கள் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு நடைபெற்றன. பல மொழியினரை ஒன்றுதிரட்டல் இயலாது என்பார்க்கு லோறன்ஸ் நகரின் வெற்றி தக்க விடையாயிற்று.

இவ்வாறு ஒன்றுதிரண்டோரைக் கலைப்பதற்கு நாடுகடத்தல் ஓர் ஆயுதமாகக் கையாளப்பட்டது. 1917 யூலை 12 ஆந் திகதி அரிசோனாவின் பிஸ்பீ நகரில், வேலைநிறுத்தஞ் செய்த செப்புச் சுரங்கத் தொழிலாளரும் அவர்களை ஆதரித்தோருமாக ஏறத்தாழ 1,200 பேர், சுரங்க நிர்வாகத்தின் ஆதரவுடன் ஷெரிப் திரட்டிய ஆயுதந் தாங்கியோரால் வளைக்கப்பட்டனர். மாட்டு வண்டிகள் கொண்ட புகைவண்டியில் ஏற்றப்பட்டு நியூ மெக்சிக்கோவின் பாலைநிலத்திற் கைவிடப்பட்டனர். அவர்களுட் பலர் மெக்சிக்கோவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்து வந்தவராவர். அச்செயலுக்குச் சட்டத்தின் போர்வையும் இருக்கவில்லை. ஈராண்டுகளின் பின்னர் அப்போர்வையும் கிட்டியது. 1919 டிசெம்பரில் ‘பியூபோட்’ என்னும் கப்பலில் எம்மா கோல்ட்மன் உட்பட 249 பேர் நாடுகடத்தப்பட்டனர். சட்டமா அதிபர் பாமரின் பணிப்பின் பேரில் 1919 நவம்பரிலும் 1920 சனவரியிலும் நடந்த சுற்றிவளைப்புகளில் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர்.

இக்காலத்தில் குடிவரவுப் பணியகம் தொழில் திணைக்களத்தின் கீழேயே இருந்தது. 1913 முதல் 1940 வரை தொழிலாளர் நலனைப் பேணுதற்கென அமைந்த அதே திணைக்களமே தொழிலாளரை நாடுகடத்தும் அதிகாரத்தையும் கொண்டிருந்தது. இம்முரண்பாடு ஹரி பிறிட்ஜஸின் வழக்கில் வெளிப்பட்டது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிற் பிறந்து கப்பற்றொழிலாளராக அமெரிக்கா வந்த பிறிட்ஜஸ், 1934 ஆம் ஆண்டு மேற்குக் கரைத் துறைமுகங்கள் அனைத்தையும் முடக்கிய வேலைநிறுத்தத்தின் தலைவரானார். அவ்வேலைநிறுத்தம் துறைமுகத் தொழிலாளருக்குச் சங்க உரிமையைப் பெற்றுத் தந்தது. வேலை வழங்கலில் நிலவிய ஊழலையும் அது ஒழித்தது. அதன் பின்னர் அவரை நாடுகடத்த வேண்டும் என்னும் கூக்குரல் எழுந்தது. போதிய சான்றின்றி அதனைச் செய்யத் தயங்கிய தொழில் செயலாளர் பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரையே பதவி நீக்க வேண்டுமெனக் காங்கிரசில் 1939 இல் பிரேரணை கொண்டுவரப்பட்டது, அது நிறைவேறவில்லை.

பிறிட்ஜஸ்மீதான நடவடிக்கைகள் 1955 வரை வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தன. 1945 இல் உயர் நீதிமன்றம் அவர்மீதான நாடுகடத்தற் கட்டளையைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு குடியுரிமை பெற்ற அவர், அதனைப் பொய்ச் சத்தியத்தாற் பெற்றார் எனக் குற்றவாளியாகக் காணப்பட்டபோது, 1953 இல் அத்தீர்ப்பையும் அதே நீதிமன்றம் நீக்கியது. இவ்வாண்டுகள் முழுவதும் துறைமுகத் தொழிலாளர் அவரையே தலைவராகத் தெரிவுசெய்து, அவரைப் பாதுகாப்பதற்கான இயக்கத்தையும் நடத்தினர். தலைவர் ஒருவரை நாடுகடத்துதல் சங்கத்தையே நாடுகடத்துவதற்குச் சமமாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் அன்று அவர்கள் காத்தது புகழ்பெற்ற ஒரு தலைவரையே. பெயரறியாத சாதாரணத் தொழிலாளிக்கும் அதே காப்பு வேண்டும் என்னும் கருத்து தொழிற்சங்க உலகில் வேரூன்றுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

வயல்வெளியில் எழுந்த முரண்பாடு

1942 முதல் 1964 வரை மெக்சிக்கோவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ‘பிறசேறோ’ எனப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் அமெரிக்க வயல்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 45 இலட்சம் ஒப்பந்தங்கள் இதன் கீழ் வழங்கப்பெற்றன. ஒப்பந்தத் தொழிலாளி தான் விரும்பிய முதலாளியிடம் மாறிச் செல்ல இயலாது. முறைப்பாடு செய்பவன் திருப்பியனுப்பப்படலாம். மறுபுறத்தில், 1954 இல் நடத்தப்பட்ட பெரும் நடவடிக்கையொன்றின் மூலம் ஆவணமற்ற மெக்சிக்கர் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். வயலுக்கு ஆள் வேண்டியபோது வாயில் திறக்கப்பட்டது; வந்தவன் உரிமை கேட்டபோது அதே வாயில் அவனை வெளியேற்றும் வழியாயிற்று.

1965 செப்டெம்பரில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லரி இற்லியோங் தலைமையில் பிலிப்பினத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடக்கினர். சில நாட்களில் சீசர் சாவெஸ் தலைமையிலான மெக்சிக்கத் தொழிலாளரும் அதில் இணைந்தனர். இவ்விணைப்பிலிருந்து ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இரு குடிவரவுச் சமூகங்களின் ஒற்றுமையே அதன் அடித்தளம். எனினும் தோட்ட உரிமையாளர் எல்லைக்கு அப்பாலிருந்து ஆட்களை அழைத்து வேலைநிறுத்தங்களை முறியடித்தபோது, இச்சங்கமே ஆவணமற்ற தொழிலாளரைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்கும் இயக்கமொன்றை 1974 இல் நடத்தியது. அரிசோனா எல்லையில் சங்கத்தினர் காவல் நின்று, எல்லை கடந்து வருவோரைத் தடுக்கவும் முற்பட்டனர்.

இதனை எளிதிற் கண்டித்துவிடலாம். ஆயின் அச்சங்கம் எதிர்கொண்ட இடர்ப்பாடு மெய்யானது. வேலைநிறுத்தஞ் செய்பவனின் இடத்தில் இன்னொருவன் வந்து நிற்கும்போது, அவன் எத்துணை வறியவனாயினும், போராடுபவனின் குடும்பத்தில் அடுப்பெரியாது. இவ்விடத்திற் பிழைத்தது சங்கத்தின் அச்சமன்று, அதன் பரிகாரமே. 1968 இல் காசா என்னும் அமைப்பை நிறுவிய பேட் கொறோனா போன்றோர் அப்போதே இதனைச் சுட்டிக்காட்டினர். அதிகாரிகளுக்கு அறிவிப்பதால் தொழிலாளியின் அச்சம் பெருகுமேயன்றி, முதலாளிக்கு ஆள் கிடைப்பது நின்றுவிடாது என்றும், ஆவணமற்றவரையும் சங்கத்திற் சேர்ப்பதே வழி என்றும் அவர்கள் வாதிட்டனர். சாவெஸும் பின்னர் ஆவணமற்றோருக்குச் சட்ட அந்தஸ்து வழங்கப்படுவதை ஆதரித்தார்.

தொழிற்சாலை வாயிலில் நீதிமன்றம்

1970களில் லொஸ் ஏஞ்சல்ஸ் தையற்றொழிற்சாலைகளில் குடிவரவுத் தொழிலாளர் பெருகினர். அவர்களைத் தவிர்த்துச் சங்கம் அமைத்தல் இயலாது என்பதைச் சர்வதேச மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கம் கண்டது. 1977 இல் குடிவரவு அதிகாரிகள் சில தொழிற்சாலைகளுட் புகுந்து ‘கணக்கெடுப்பு’ நடத்தினர். சிலர் வாயில்களில் நிற்க, ஏனையோர் ஒவ்வோர் இயந்திரமாகச் சென்று தொழிலாளரை அவர்தம் குடியுரிமை பற்றி வினவினர். இச்செயல் அரசியலமைப்புக்கு முரணானது எனச் சங்கமும் தொழிலாளர் நால்வரும் வழக்குத் தொடுத்தனர். அந்நால்வரும் நாட்டில் இருப்பதற்குச் சட்ட உரிமை பெற்றிருந்தோர் என்பது கவனிக்கத்தக்கது. ஆவணமற்றவரைத் தேடும் வலையிற் குடியுரிமையுள்ளோரும் சிக்குவர் என்பதற்கு இவ்வழக்கே சான்றாயிற்று. கீழ் நீதிமன்றில் சங்கம் வென்றபோதிலும், 1984 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அதிகாரிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. வாயிலில் அதிகாரி நிற்பதால் மட்டும் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டவராகார் என்பது அதன் முடிபு.

அதே ஆண்டு யூன் மாதத்தில் இன்னொரு தீர்ப்பு வெளிவந்தது. சிக்காகோ நகரின் தோல் பதனிடும் சிறு நிறுவனமொன்றில் தொழிலாளர் சங்கத்துக்கு வாக்களித்தனர். அதன்பின் நிறுவன உரிமையாளர் தம் தொழிலாளரின் நிலையைச் சோதிக்குமாறு குடிவரவு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஐவர் கைதாகி மெக்சிக்கோவுக்குத் திரும்பிச் செல்ல நேர்ந்தது. ஆவணமற்றோரும் தொழிலுறவுச் சட்டத்தின் பொருளில் தொழிலாளரே என்றும், சங்கத்தைப் பழிவாங்கும் நோக்குடன் அவர்களை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுத்தல் சட்டவிரோதமானது என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. ஆயின் நாட்டைவிட்டுச் சென்றவருக்கு இழந்த ஊதியத்தைப் பெறும் வாய்ப்பை அத்தீர்ப்பே பெரிதும் சுருக்கிவிட்டது. உரிமை ஏட்டில் நிலைத்தது. அதற்குரிய பரிகாரம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது.

1986 உம் அதன் பாடமும்

1986 ஆம் ஆண்டின் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் இரு பக்கங்களைக் கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில், நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்த ஏறத்தாழ 27 இலட்சம் பேர் இதன் மூலம் சட்ட அந்தஸ்துப் பெற்றனர். மறுபக்கத்தில், ஆவணமற்றவரை அறிந்தே வேலைக்கமர்த்தும் முதலாளிக்குத் தண்டனை விதிக்கும் முறை முதன்முறையாக நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்டது. தொழிற்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு இத்தண்டனை முறையை ஆதரித்தது. குற்றம் முதலாளியினுடையது, ஆகவே தண்டனையும் அவனுக்கே என்பது அதன் நியாயம். மேலோட்டமாக நோக்குமிடத்து இந்நியாயத்திற் குறைகாணல் அரிது.

நடைமுறையோ வேறாக அமைந்தது. ஆவணங்களைச் சோதிக்கும் பொறுப்புச் சட்டப்படி முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலைக்கு எடுக்கும்போது ஆவணத்தை அவ்வளவாக ஆராயாத ஒருவர், சங்கம் அமைக்கும் பேச்சு எழுந்ததும் அனைவரின் ஆவணங்களையும் மீளச் சோதிக்கப் புறப்படலாம். தண்டனைக்கு அஞ்சிய வேறு சிலர் அயலவர் போல் தோற்றமளித்தோரையும் அயல் உச்சரிப்பில் பேசியோரையும் வேலைக்கு எடுக்கத் தயங்கினர். இச்சட்டத்தின் விளைவாகப் பரவலான பாரபட்சம் தோன்றியதென மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகமே 1990 இல் அறிக்கையிட்டது. முதலாளியைத் தண்டிக்க எழுதப்பட்ட சட்டம் தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் கயிறாக மாறியது.

இதே காலத்தில் குடிவரவுத் தொழிலாளர் சங்கங்களுக்குப் புத்துயிர் ஊட்டினர். லொஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகக் கட்டடங்களின் துப்புரவுத் தொழில் 1980களில் சங்கமற்ற ஒப்பந்தகாரர் கைக்கு மாறி, ஊதியம் பெரிதும் வீழ்ந்திருந்தது. புதிதாக வந்த மத்திய அமெரிக்கத் தொழிலாளரை ஒன்றுதிரட்டல் இயலாது எனப் பலர் கருதினர். 1990 யூனில் அவர்களின் ஊர்வலத்தைப் பொலிசார் தடியடி நடத்திக் கலைத்தனர். அந்நிகழ்ச்சி எழுப்பிய கண்டனத்தின் பின்னர் தொழிலாளர் ஒப்பந்தத்தை வென்றனர். 1992 இல் தென் கலிபோர்ணியாவின் சுவர்ப்பலகை பொருத்தும் தொழிலாளர், பெரும்பாலும் மெக்சிக்கர், மாதக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுட் பலர் கைதாகிக் குடிவரவு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் போராட்டம் தளரவில்லை. ஈற்றில் அவர்கள் தச்சர் சங்கத்தினூடாக ஒப்பந்தம் பெற்றனர்.

1999 இல் மினியாப்பொலிஸ் நகரின் ஹொட்டேல் ஒன்றில் அறை துப்புரவாக்குவோர் உட்படத் தொழிலாளர் சங்கத்துக்கு வாக்களித்து வென்றனர். சில வாரங்களின் பின்னர், பேச்சுவார்த்தை நடைபெறவிருந்த வேளையில், முகாமையின் அறிவிப்பின் பேரில் அவர்களுட் சிலரைக் குடிவரவு அதிகாரிகள் கைதுசெய்தனர். சங்கம் அவர்களைக் கைவிடவில்லை. அரசின் தொழிலுறவுச் சபையும் சமவாய்ப்பு ஆணைக்குழுவும் தலையிட்டன. 2000 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அத்தொழிலாளருக்கு 72,000 டொலர் இழப்பீடு வழங்க நிறுவனம் இணங்கியது.

இத்தகைய அனுபவங்களின் திரட்சியாக, 2000 பெப்புருவரி 16 ஆந் திகதி நியூ ஓர்லியன்சிற் கூடிய தேசியக் கூட்டமைப்பின் நிறைவேற்றுக் குழு, தான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஆதரித்த தண்டனை முறை நீக்கப்பட வேண்டும் என்றும், ஆவணமற்ற தொழிலாளருக்குச் சட்ட அந்தஸ்து வழங்கப்பட வேண்டும் என்றும் தீர்மானித்தது. அப்போதைய தலைவர் ஜோன் சுவீனி அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோரின் மைந்தர். ஹொட்டேல் தொழிலாளர் சங்கமும் சேவைத் துறைத் தொழிலாளர் சங்கமும் இம்மாற்றத்துக்கு முன்னின்று உழைத்தன. அவற்றின் உறுப்பினருட் பெருந்தொகையினர் குடிவரவாளராவர். கொள்கை மேலிடத்தில் மாறுவதற்கு முன்னரே, அடித்தளத்தில் உறுப்பினர் மாறிவிட்டிருந்தனர்.

தீர்மானத்தின் பின்

தீர்மானம் சட்டத்தை மாற்றவில்லை. 2002 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையால் இன்னொரு தீர்ப்பை வழங்கியது. சங்கத்தை ஆதரித்தமைக்காக 1989 இல் கலிபோர்ணியாத் தொழிற்சாலையொன்றிலிருந்து நீக்கப்பட்ட ஆவணமற்ற தொழிலாளி ஒருவர், இழந்த ஊதியத்தைப் பெற உரித்துடையவரல்லர் என்பதே அத்தீர்ப்பு. நீக்கம் சட்டவிரோதமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்காக நிறுவனம் அவருக்கு ஒரு சதமேனும் செலுத்த வேண்டியதில்லை என்றாயிற்று. சட்டத்தை மீறுதல் மலிவானதாகும்போது மீறல் பெருகும் என்பதை உணரப் பொருளியல் அறிவு மிகுதியாக வேண்டியதில்லை.

2003 செப்டெம்பரில், 1961 ஆம் ஆண்டின் கறுப்பின மக்கள் உரிமைப் பயணங்களை நினைவுகூர்ந்து, ஹொட்டேல் தொழிலாளர் சங்கத்தின் முன்முயற்சியில் ‘குடிவரவுத் தொழிலாளர் விடுதலைப் பயணம்’ ஒழுங்குசெய்யப்பட்டது. பத்து நகரங்களிலிருந்து பதினெட்டு பஸ்களில் ஏறத்தாழ 900 பேர் புறப்பட்டு, ஒக்டோபர் தொடக்கத்தில் நியூ யோர்க்கை அடைந்தனர். தெக்சாஸின் சியெறா பிளாங்காவில் எல்லைக் காவற்படையினர் இரு பஸ்களை மறித்துப் பயணிகளை விசாரித்தனர். ஆவணமுள்ளவரும் அற்றவரும் எவ்வித வேறுபாடுமின்றி விடையளிக்க மறுத்துப் பாடிக்கொண்டிருந்தனர். சில மணி நேரத்தின் பின்னர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். ஆவணமுள்ளவன் தன் ஆவணத்தைக் காட்டித் தான் மட்டும் தப்பிக்கொள்ள மறுத்தமையே அங்கு ஆவணமற்றவனுக்குக் காப்பாயிற்று.

2006 டிசெம்பர் 12 ஆந் திகதி ஆறு மாநிலங்களிலுள்ள இறைச்சி பதனிடும் ஆலைகள் ஆறு ஒரே நாளில் சுற்றிவளைக்கப்பட்டன. ஏறத்தாழ 1,300 பேர் கைதாயினர். இறைச்சித் தொழிலாளரைப் பிரதிநிதித்துவப்படுத்திய சங்கம், குடியுரிமை பெற்றோரும் மணிக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டனர் எனக் கூறி அரசுக்கெதிராக வழக்குத் தொடுத்தது. முன்னர் ஆடைத் தொழிலாளர் சங்கம் எழுப்பிய அதே வினா முப்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் எழுந்தது.

இவ்விடத்து வட கரோலினாவின் டார் ஹீல் என்னும் ஊரிலுள்ள பெரும் பன்றியிறைச்சி ஆலையின் வரலாறு தனியாக நோக்கத்தக்கது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் உழைத்த அவ்வாலையில் 1994 இலும் 1997 இலும் நடைபெற்ற வாக்கெடுப்புகளில் சங்கம் தோற்றது. நிறுவனம் சட்டவிரோதமாகத் தொழிலாளரை அச்சுறுத்தியதென அரசின் தொழிலுறவுச் சபை பின்னர் கண்டது. 2006 நவம்பரில், சமூகப் பாதுகாப்பு இலக்கம் பொருந்தவில்லை எனக்கூறிச் சிலர் நீக்கப்பட்டதை எதிர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையை விட்டு வெளிநடந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் இலத்தீன் அமெரிக்கர். மறு சனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளை விடுமுறையாக்குமாறு கோரிய தொழிலாளர் நூற்றுக்கணக்கில் அன்று வேலைக்குச் செல்லவில்லை. அதே மாதத்தில் அதிகாரிகள் ஆலைக்குள் வந்து 21 பேரைக் கைதுசெய்தனர். அச்சத்தால் மேலும் பலர் ஆலையைவிட்டு அகன்றனர். எஞ்சிய தொழிலாளருட் கறுப்பின மக்களின் விகிதம் உயர்ந்தது. அவர்களும் இலத்தீன் அமெரிக்கரும் சேர்ந்து 2008 டிசெம்பரில் சங்கத்தைத் தெரிவுசெய்தனர். ஆதரவாக 2,041 வாக்குகள், எதிராக 1,879. பதினைந்து ஆண்டுக்காலப் போராட்டம் 162 வாக்குகளால் தீர்ந்தது. அத்துணைச் சிறிய பெரும்பான்மையில், அச்சத்தால் முன்னரே வெளியேறியோரின் வாக்குகள் எண்ணப்படவேயில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முடிவுறாத விடை

இவ்வரலாற்றை இருளிலிருந்து ஒளிக்குச் சென்ற நேர்கோட்டுப் பயணமாகக் காட்டுதல் தவறாகும். சங்க உறுப்பினருட் பலர் இன்றும் கடுமையான எல்லைக் கட்டுப்பாட்டையே விரும்புகின்றனர். மேலும், எல்லைக் காவற்படையினரின் சங்கமும் இதே தேசியக் கூட்டமைப்பின் உறுப்புச் சங்கமொன்றுடன் இணைந்து இயங்கி வந்துள்ளது. கைதுசெய்பவனும் கைதுசெய்யப்படுபவனும் ஒரே கூட்டமைப்பின் நிழலில் நிற்கும் நிலையை வெறுந் தீர்மானங்களால் தீர்த்துவிட முடியாது.

ஆயினும் மாற்றத்தின் ஆழத்தை 2025 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் புலப்படுத்துகின்றன. அவ்வாண்டு மார்ச்சில் மேரிலாந்தில் உலோகத் தகட்டுத் தொழில் பயின்றுவந்த சங்க உறுப்பினர் ஒருவர், நீதிபதியின் முன்னைய கட்டளைக்கு மாறாக எல் சல்வடோருக்கு அனுப்பப்பட்டார். அவரது சங்கம் அவரைத் தன் பயிலுநர் எனப் பகிரங்கமாக உரிமைகோரி, திரும்ப அழைத்து வருமாறு வற்புறுத்தியது. யூன் மாதத்தில் அவர் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். கட்டடத் தொழிற் சங்கங்கள் நெடுங்காலம் குடிவரவாளரை ஐயத்துடன் நோக்கியவை என்பதை அறிந்தோர் இதன் முக்கியத்துவத்தை உணர்வர். யூன் 6 ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்சில் தொழிலகச் சுற்றிவளைப்பொன்றின் போது, சேவைத் துறைத் தொழிலாளர் சங்கத்தின் கலிபோர்ணியத் தலைவர் டேவிட் ஹுவேர்ட்டா கைதுசெய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரிப் பல நகரங்களிற் சங்கங்கள் ஆர்ப்பாட்டஞ் செய்தன. மூன்று நாட்களின் பின்னர் அவர் பிணையில் வெளிவந்தார்.

இவை எல்லாவற்றிலும் பொருள் மிக்கது கலிபோர்ணியாவின் கேர்ன் மாவட்டத்தில் நிகழ்ந்ததாகும். அங்கு 2025 சனவரியில் எல்லைக் காவற்படையினர் பண்ணைத் தொழிலாளரை வீதிகளில் மறித்துப் பிடித்தனர். அதற்கெதிராக வழக்குத் தொடுத்தது ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கமே. தக்க ஐயமின்றி எவரையும் மறித்தலாகாது என ஏப்பிரலில் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. 1974 இல் ஆவணமற்றோரை அதிகாரிகளுக்கு அறிவித்த சங்கம், ஐம்பது ஆண்டுகளின் பின்னர் அதே தொழிலாளருக்காக அதிகாரிகளை நீதிமன்றுக்கு அழைத்தது.

தொகுத்து நோக்குமிடத்து, அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் கற்ற பாடம் ஒன்றே. ஊதியம் தாழ்வது புதியவன் வருவதால் மட்டுமன்று. வந்தவன் வாய் திறக்க இயலாதிருப்பதாலேயே ஆகும். வாய் திறந்தால் நாடுகடத்தப்படுவான் என்னும் நிலையில் ஒருவன் இருக்கும்வரை, அவனருகில் நிற்பவனின் குரலும் அரைக் குரலே. ஒக்ஸ்னாட் வயல்களில் 1903 இல் ஒரு சிறு சங்கம் இவ்வுண்மையைத் தயக்கமின்றி உரைத்தது. தேசிய இயக்கம் அதனை ஏற்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் சென்றன. அந்நூறாண்டுகளின் விலையைக் கொடுத்தவர் சீனரும் யப்பானியரும் மெக்சிக்கரும் மட்டுமல்லர். அவர்களை விலக்கி நின்ற தொழிலாளரும் அவ்விலையில் ஒரு பங்கைத் தம் ஊதியத்தினாலேயே செலுத்தினர்.